காப்பீட்டுக்காரரிடம் சொன்ன பொய்

அடுப்படிச் சுவர் இன்னும் காயவில்லை. உள்ளே நுழைந்தாலே நனைந்த சுண்ணாம்பு வாடை. போன வாரம் அடித்த சூறைக்காற்றில் மேலே இருந்த தகரம் மொத்தமும் பிய்த்துக்கொண்டு பக்கத்துப் புளியமரத்தில் போய்த் தொங்கியது. நீங்கள் போன இந்த இரண்டு வருஷத்தில் வீடு இவ்வளவு நனைந்ததில்லை.

வீட்டுக்குக் காப்பீடு எடுத்த அன்று உங்களை என்ன பாடு படுத்தினேன். "காத்துக்கும் மழைக்குமா பாலிசி போடுவாக?" என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தேன். நீங்கள் அசரவில்லை. "எங்க பிரஸ்ல காலண்டர் அட்டைக்கே போட்டிருக்காக. நாம குடியிருக்க வீடு அதைவிட மட்டமா?" என்றீர்கள். நீங்கள் போன பிறகும் உங்கள் பெயரிலேயே புதுப்பித்து வந்தேன். பெயரை மாற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் மாற்றியிருக்க மாட்டேன்.

சேதம் பார்க்கக் காப்பீட்டுக் கம்பெனி சர்வேயர் வந்தார். வாசலில் நின்று உங்கள் பெயரைச் சொல்லி, "சார் இருக்காங்களா?" என்றார்.

"வெளிய போயிருக்காக" என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. காலண்டர் ஆர்டர் பிடிக்க நீங்கள் ஊர் ஊராக அலைந்த நாளில் பழக்கிவிட்டதுதானே. "நான் ஊர்ல இல்லேன்னு எவன்கிட்டயும் சொல்லாத. வெளிய போயிருக்காக, இப்ப வந்துருவாகன்னு சொல்லு." இன்றைக்கும் சிலிண்டர் போட வருகிறவரிடம்கூட அதைத்தான் சொல்கிறேன்.

சர்வேயர் படம் எடுத்துக்கொண்டு, சார் கையெழுத்துக்கு நாளை வருவதாகச் சொல்லிப் போனார். மறுநாளும் வெளியே போயிருந்தீர்கள். மூன்றாம் நாள் அவர் முகம் மாறிவிட்டது. "இன்னைக்கும் கையெழுத்து இல்லேன்னா பைலை மூடிருவாங்கம்மா. அப்புறம் ஒண்ணும் செய்ய முடியாது."

தார்ப்பாய் கட்டி எத்தனை மழையைத் தாங்குவது? பீரோவைத் திறந்து உங்கள் இறப்புச் சான்றிதழை எடுத்து அவரிடம் நீட்டினேன். படித்துவிட்டுத் திட்டுவார் என்று நினைத்தேன்.

"மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா."

"வாய் வரலைய்யா."

சான்றிதழையும் படம் எடுத்துக்கொண்டார். பெயர் மாற்றாமல் விட்டதால் பணம் கிடைக்குமா என்று மேலே இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டுமாம். வாரிசுச் சான்றிதழ் வாங்கி வைக்கச் சொன்னார். பிறகு படிவத்தைக் கொடுத்து, உங்கள் பெயருக்கு எதிரே 'காலமாகிவிட்டார்' என்று எழுதச் சொன்னார். நீங்கள் போனபோது எல்லாவற்றையும் என் தம்பிதான் எழுதிக் கொடுத்தான். என் கையால் எழுதியது அன்றைக்குத்தான்.

அதைக்கூட எழுதிவிட்டேன். அதற்குக் கீழே, வீட்டில் குடியிருப்பவர்கள் எத்தனை பேர் என்று கேட்டிருந்தது. 'ஒன்று' என்று போட்டதும் அழுகை வந்துவிட்டது. அந்த மனுஷன் எழுந்து வாசலில் போய் நின்றுகொண்டார்.

பணம் வந்தால் தகரம் போட்டுவிடுவேன். வராவிட்டால் உங்களைத்தான் திட்டுவேன், வேறு யாரைத் திட்ட? ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஆளை மூன்று நாள் அலைய விட்டது பணத்துக்காக இல்லை. அந்த மூன்று நாளும் இந்த வீட்டில் என்னோடு சேர்ந்து இன்னொருவரும் உங்களை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்.