சுறா எண்ணெய் பூசிய சைலன்சர்

பிரியமுள்ள அப்பாவுக்குத் தோத்திரம். தோத்திரம் சொல்லியாயிற்று, இனிமேல் சண்டைதான்.

நாளைக் காலை நம் ஷெரினுக்குக் கல்யாணம். உங்கள் வருஷப் பூசை முடியட்டும் என்று காத்திருந்து வைத்த நாள். அவள் கையில் மருதாணியோடு உள்ளே உட்கார்ந்திருக்கிறாள். அம்மா பலகாரச் சட்டியை விட்டு நகரமாட்டேன் என்கிறாள். நான் வாசலில் உங்கள் காருக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன்.

இதை வேறு யாராவது எடுத்துப் படித்தால் அவர்களுக்கும் தெரியட்டும். இரண்டே இருக்கை கொண்ட பழைய பச்சை ஸ்போர்ட்ஸ் கார் இது. ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார மேனேஜர் விட்டுப்போனது. துறைமுகத்தில் இழுவைப் படகின் இன்ஜினைப் பார்த்துக்கொண்டிருந்த நீங்கள், இரும்புக் கடைக்குப் போக இருந்ததை மீட்டு ஓட வைத்தீர்கள். “எம் பிள்ளைய ரெண்டு பேரும் கல்யாணத்துக்கு இதுலதான் கோயிலுக்குப் போவாளுவ” என்று கண்டவரிடமெல்லாம் சொன்னீர்கள்.

என் கல்யாணத்தன்று லேசாகத் தூறியது. தூறல்தான் அப்பா, புயல் அல்ல. வண்டி நனைந்துவிடும் என்று நீங்கள் போர்வையை எடுக்கவே இல்லை. நான் ஆட்டோவில் போய் இறங்கினேன், சேலைக் கரையெல்லாம் சேறு. “சின்னவளுக்குக் கண்டிப்பா எடுப்பேன்” என்று என்னிடமே வந்து சமாதானம் சொன்னீர்கள். அந்த வாக்கை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அப்பா இல்லாவிட்டால் என்ன, நான் ஓட்டுகிறேன் என்று நானும் சொல்லிவிட்டேன்.

போர்வையை எடுத்து ஸ்டார்ட் செய்தால் தெருவே அதிர்ந்தது. சைலன்சர் ஓட்டையாகி, ஓட்டைகளைச் சுற்றிக் கை வைத்தாலே உதிர்ந்தது. பேச வந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா காதைப் பொத்திக்கொண்டார். “கோயிலுக்குப் போறியளா, கடல்ல போட் எறக்கப் போறியளா? சத்தம் நின்னா இதுல வாங்க. இல்லன்னா எங்க ஏசி கார் வரும்.” ஷெரினின் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

சென்னையில் பழைய கார்களுக்கு உதிரிபாகம் விற்கும் ஒருவருக்கு போன் செய்தேன். பெயர் எதற்கு, அந்த ஆள் திருந்தப்போவதில்லை. நான் அளவு சொல்லச் சொல்ல அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “மேடம், வீட்டுல ஜென்ட்ஸ் யாரும் இல்லையா?” பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுக்கிறேன், சென்டிமீட்டர் எனக்குத் தெரியும் என்றேன். “அதெல்லாம் சரிங்க” என்று சிரித்தார். கடைசியில், குழாய் இடப்பக்கம் வெளியேற வேண்டிய காருக்கு வலப்பக்கக் குழாயோடு ஒன்றை அனுப்பிவைத்தார். கேட்டால், “நீங்க தப்பா அளந்திருப்பீங்க” என்கிறார். ஜென்ட்ஸ் அளந்திருந்தால் குழாய் பக்கம் மாறி வந்திருக்குமா? வலம் இடம் தெரியாதவருக்கு எகத்தாளத்துக்கு மட்டும் குறைவில்லை.

பிறகு திரேஸ்புரத்தில் படகு இன்ஜின்களுக்குப் புகைக்குழாய் செய்யும் மிக்கேல் அண்ணனிடம் போனேன். “பழச அறுத்துப் பாப்போம். உள்ள வழி எப்படி இருக்குன்னு தெரிஞ்சாத்தான் புதுசு அடிக்க முடியும்” என்றார். அறுத்தார். அங்கேதான் என் கோபம் சென்னையை விட்டு உங்கள் பக்கம் திரும்பியது.

நீங்கள் செய்தது நினைவிருக்கிறதா? வள்ளத்துப் பலகையில் உப்பு ஏறாமல் இருக்கச் சுறா எண்ணெய் பூசுவார்களே, அதையே மாதாமாதம் சாக்கை விரித்துக் கீழே படுத்து சைலன்சருக்கும் பூசினீர்கள். லேசாகச் சூடேறினாலே தெருவெல்லாம் மீன் வறுத்த வாடை. பூனைகள் கோயில் வாசல்வரை கூடவே வரும். சிரித்தவர்களிடம், “உப்புக்காத்துக்கு இத விட்டா மருந்து கெடயாதுல” என்றீர்கள். நாங்களும் நம்பினோம்.

அறுத்த தகட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். எண்ணெய் பூசிய வெளிப்பக்கம் பல இடங்களில் இன்னும் கெட்டியாக இருக்கிறது. உள்பக்கம்தான் அரித்துப் போயிருக்கிறது. பெட்ரோல் எரிந்தால் நீராவியும் வரும். சைலன்சர் நன்றாகச் சூடானால் அது வெளியே போய்விடும். சூடாவதற்குள் நிறுத்தினால் உள்ளேயே தண்ணீராகத் தங்கிவிடும். நீங்களோ ஞாயிறுதோறும் வீட்டிலிருந்து கோயில், கோயிலிலிருந்து வீடு. நமக்குக் கோயில் கூப்பிடு தூரம். இத்தனை காலம் கடற்காற்றை வைதுகொண்டிருந்தோமே அப்பா! ஓட்டாமல் பொத்திப் பொத்தி வைத்தே நீங்கள்தான் அதைத் துருப்பிடிக்க விட்டிருக்கிறீர்கள்.

இன்ஜினோடு வாழ்ந்த உங்களுக்கு இது தெரியாதா? இல்லை, தெரிந்தும் மனசு வரவில்லையா? அந்தக் கூப்பிடு தூரத்துக்கும் நீங்கள் மட்டும்தான். பக்கத்து இருக்கை துணி மூடிக் கிடக்கும். சேலையில் குத்திய ஊசி சீட்டைக் கிழித்துவிடுமாம். அம்மாவும் நாங்களும் பின்னால் நடந்து வருவோம். அன்றைக்கு எனக்குக் கோபமே வரவில்லை என்பதுதான் இன்றைக்குப் பெரிய கோபம்.

மிக்கேல் அண்ணன் துருப்பிடிக்காத தகட்டை உருட்டி, உள்ளே துளைக் குழாய் வைத்து, சூடு தாங்கும் பஞ்சை அடைத்து, புதிதாகவே செய்து கொடுத்துவிட்டார். குழாய் இடப்பக்கம்தான் வருகிறது. அடங்கிய உறுமல், அவ்வளவுதான். மாப்பிள்ளையின் அம்மா நேரில் வந்து கேட்டுவிட்டு, “இதுன்னா சரிதான்” என்று போய்விட்டார். “ரெண்டு ஆள் ஏறினா கீழ இடிக்குதான்னு மட்டும் ஓட்டிப் பாத்துருங்க” என்றார் அண்ணன். ஷெரினால் மருதாணிக் கையோடு வர முடியாது. இன்று மதியம் அம்மாவைக் கூப்பிட்டேன்.

வந்தாள். கையில் ஒரு பழைய போர்வை. அதைச் சீட்டின்மேல் விரிக்கப் போனாள்.

“என்னம்மா இது?”

“அழுக்காயிரும்ளா. ஒங்கப்பா ஏசுவாவ.”

நீங்கள் போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. இன்னும் உங்கள் ஏச்சுக்குப் பயந்துகொண்டிருக்கிறாள் உங்கள் மனைவி. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் போர்வையைப் பிடுங்கித் தெருவில் எறிந்தேன். ஆனால் தோளில் குத்தியிருந்த ஊசியை அவளே கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டுதான் உட்கார்ந்தாள். அதை என்னால் தடுக்க முடியவில்லை.

திருச்செந்தூர் ரோட்டில் போனோம். எதுவும் இடிக்கவில்லை. முதலில் குழாய் முனையில் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர், சூடேறச் சூடேற நின்றுபோனது. உப்பளங்களைத் தாண்டியதும், பார்த்தது போதும் என்று வண்டியைத் திருப்ப ஓரம் கட்டினேன். அம்மாவின் முடியெல்லாம் காற்றில் கலைந்திருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை, ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏளா,” என்றாள், “இன்னுங் கொஞ்சம் போவமா?”

சிறுபிள்ளை மிட்டாய் கேட்கிற மாதிரி கேட்டாள் அப்பா. நான் அழுதுவிட்டேன்.

நாளை மழை கொட்டினாலும் ஷெரின் இந்தக் காரில்தான் கோயிலுக்குப் போவாள். அதற்குப் பிறகு இது நின்ற இடத்தில் நிற்காது. அம்மா போதும் என்று சொல்கிறவரை, அவள் கைகாட்டுகிற ஊருக்கெல்லாம் ஓட்டுவேன். இது சத்தியம். ஏசுவதென்றால் என்னை ஏசுங்கள், அவளை விட்டுவிடுங்கள்.

உங்கள் பிடிவாதம் அத்தனையும் வாங்கிப் பிறந்த மூத்த மகள்,
ஸ்டெல்லா