ஐந்தாவது இருக்கையில் கேட்ட குரல்

உ
சிவமயம்

வெள்ளவத்தை
24.06.2025

அன்புள்ள மருமகன் மிதுஷனுக்கு,

மே மாதம் ஆறாம் திகதி, செவ்வாய்க்கிழமை, பின்னேரம் மூன்றரை மணிக்கு ஜெர்மன் வகுப்பு அறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், உங்கள் மனைவி சாம்பவி, ஜெர்மன் படிப்பிக்கும் மஸாஹிரா டீச்சர், சற்றுப் பிந்தி வந்த டீச்சரின் கணவர் ஷிப்லி. நான் எழுதுவதற்கு மற்ற மூவரும் சாட்சி. அதனால்தான் ஆட்களை முதலில் சொல்கிறேன்.

இங்கே நானும் மாமாவும் முருகன் புண்ணியத்தில் சுகம். உங்கள் ஊர்க் குளிர் விட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

உங்களிடம் வரும் விசாவுக்குக் கேட்கிற ஜெர்மன் சோதனையில், மாசி மாதம் சாம்பவி கேட்டு விளங்கும் பகுதியில் தவறியபோது நீங்கள் சொன்னது எனக்குத் தெரியும். படிக்க மனமில்லை என்றால் வரவும் மனமில்லை என்றுதானே அர்த்தம் என்று கேட்டீர்களாம். அதற்குப் பிறகு இருவரும் சுகம் விசாரிப்பதோடு போனை வைத்துவிடுகிறீர்கள். உங்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, தம்பி. வகுப்பு வீடியோவில் சத்தம் வருவதில்லை என்று அவள் சொன்னபோது, சாட்டுச் சொல்லாதே என்று ஏசியவள் நான்.

டீச்சரின் மேல்மாடி அறையில் ஆறு இருக்கைகள். ஒவ்வொன்றிலும் புத்தகமளவு ஒரு சின்னப் பெட்டி, திரை, ஹெட்போன். சின்னப் பெட்டிக்குள் ஒன்றும் இல்லை. பக்கத்து அறையில் இருக்கும் பெரிய பெட்டிதான் ஆறுக்கும் வேலை செய்கிறது. பாடங்களும் அதற்குள்ளேதான், போனில் திறக்காது. செவ்வாயும் வெள்ளியும் கேட்கும் பயிற்சி. அந்த நாட்களில்தான் அவளுக்கு வீடியோ ஊமை. படம் ஓடும், வாய் அசையும், குரல் வராது. டீச்சர் அதே இருக்கையில் தன் பெயரைக் கொடுத்துத் திறந்து பார்த்தா. நன்றாகக் கேட்டது. பிறகு யார் பிள்ளையை நம்புவது?

சோதனை தவறிய பிறகுதான் எனக்கு மனம் குத்தியது. வீட்டுக் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் கோடு போட்டேன்: திகதி, கிழமை, எத்தனையாம் இருக்கை, சத்தம் வந்ததா இல்லையா. நான் ஒவ்வொரு நாளும் அவளோடு போய் வாசலோரம் கந்தசஷ்டிக் கவசம் படித்துக்கொண்டு இருப்பேன். கடைசியாகப் பூட்டித் திறப்பைக் கொடுப்பதும் நான்தான். ஐந்து வாரம் எழுதினேன்.

அந்தச் செவ்வாய், டீச்சர் வழக்கம்போல ஆறு இருக்கைக்கும் சுவிச்சைப் போட்டிருந்தா, சாம்பவி மூன்றாவது இருக்கையில் சத்தமில்லாத வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹெட்போன்களைத் துடைத்து வைக்கலாம் என்று நான் எழும்பினேன். காற்றாடிக்குக் கீழே, ஒருவரும் இல்லாத ஐந்தாவது இருக்கையின் ஹெட்போனைத் தூக்கினால், உள்ளே ஒரு பொம்பிளை ஜெர்மனில் கதைத்துக்கொண்டிருக்கிறா. முருகா என்று கையை விட்டுவிட்டேன். பிறகு திரும்பிச் சாம்பவியின் திரையைப் பார்த்தேன். அங்கே வாயசைத்த பொம்பிளையின் குரல்தான் இது.

டீச்சர் ஓடிப்போய்க் கணவரைக் கூட்டி வந்தா. கொம்பியூட்டர் திருத்துவதுதான் அவருடைய தொழில். அவர் பெட்டியைத் தொடவில்லை, என் கொப்பியைத்தான் கேட்டு வாங்கிப் பார்த்தார். சத்தம் வராத நாட்கள் எல்லாம் மூன்றாவது இருக்கை. மற்ற நாட்கள் ஐந்தாவது. ஏன் இடம் மாறுகிறா என்று கேட்டார். கிழக்குப் பார்த்த இருக்கை மூன்றாவது ஒன்றுதான், அதனால் நல்ல நாளான செவ்வாய், வெள்ளியில் நான்தான் அதில் இருத்துகிறேன் என்றேன். எப்படி நிற்பாட்டுகிறீர்கள் என்று கேட்டார். இடி விழுந்து எங்கள் டிவி எரிந்த நாளிலிருந்து எதையும் சுவர்ச் சுவிச்சில்தான் நிற்பாட்டுவேன், அவள் வெளியேறும் பொத்தானைத் தேடுவதற்கு முன்னமே நான் தட்டிவிடுவேன் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

"ஆன்டி, நீங்க நிப்பாட்டினது சின்னப் பெட்டியத்தான். பெரிய பெட்டிக்குள்ள சாம்பவி திங்கட்கிழமையிலேந்து அஞ்சாவது சீட்லயே ஈக்கிறா."

அவள் இடம் மாறினால் படம் கூடவே போகுமாம். சத்தம் மட்டும் பழைய இருக்கைக்கே போய்க்கொண்டிருக்குமாம். டீச்சர் தன் பெயரில் புதிதாக வந்ததால் அவவுக்குக் கேட்டது. பிழை பெட்டியிலும் இல்லை, பிள்ளையிலும் இல்லை. சாம்பவி ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, "இப்பவாவது நம்புறீங்களோ அம்மா" என்று மட்டும் கேட்டாள்.

இந்தப் பெட்டிகளில் ஓடுவது யாரும் திறந்து திருத்தக்கூடிய இலவச மென்பொருளாம். அதனால் ஷிப்லியே அன்றைக்கு உள்ளே ஒரு கட்டளை எழுதி வைத்தார்: சின்னப் பெட்டி அணைந்தால், பெரிய பெட்டி இரண்டு நிமிடத்தில் அந்த ஆளின் எல்லாவற்றையும் மூடிவிடும். நான் நம்பவில்லை. ஆறு இருக்கையிலும் அவளை மாற்றி மாற்றி இருத்தினேன், வேண்டுமென்றே சுவரிலும் நிற்பாட்டினேன். சோதனை நாள்வரை கொப்பியில் ஒரு 'இல்லை' கூட விழவில்லை. கிழக்கு இருக்கையிலும் கேட்கிறது, தெற்கு இருக்கையிலும் கேட்கிறது.

தம்பி, போன வெள்ளிக்கிழமை பெறுபேறு வந்தது. சாம்பவி பாஸ். அதிக புள்ளி கேட்டு விளங்கும் பகுதியில்தான். கோயிலுக்குப் போய் நெய் விளக்கு ஏற்றிவிட்டு வந்து, மாதக்கணக்கில் இல்லாத நித்திரை கொண்டேன்.

அவள் உங்களுக்கு இன்னும் சொல்லவில்லை. ஏன் என்றால், அவர் கேட்டால் சொல்லுவன் என்கிறாள். நான் எழுதுவது அவளுக்குத் தெரியாது. போனில் சொல்லப்போனால் அழுதுவிடுவேன் என்றுதான் கடிதம். ஷிப்லி இதையும் சான்றிதழையும் படம் பிடித்து உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்புவார். மாசியில் அவள் தவறியது என் கைச் சுவிச்சால். கோபம் இருந்தால் என்னோடு வையுங்கள்.

ஒரு வேண்டுகோள். நீங்கள் ஜெர்மனில் கதைத்து ஒரு சின்ன வீடியோ அனுப்புங்கள். என்ன சொல்வீர்களோ, எனக்கு விளங்காது, விளங்கவும் வேண்டாம். அவள் கேட்பாள். முருகன் உங்கள் இருவரையும் ஒரே கூரையின் கீழ் இருத்தட்டும்.

வீடியோவை இந்த வெள்ளிக்கு முன் அனுப்பவும், நல்ல நாளில் அவள் கேட்கட்டும்.

இப்படிக்கு,
மாமி
ஜெகதீஸ்வரி நாகேந்திரம்