சரயு கோக்டே என்று போடச் சொல்

சாங்லி,
3-9-1948

அன்புள்ள சரயுவுக்கு ஆயி எழுதுவது. இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம், எனக்கு மட்டும் மனசு சுகமில்லை. நீயாவது வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும்.

உன் சினிமாப் பாட்டு இசைத்தட்டாக, தட்டு விற்கிற கடிகாரக் கடைக்கு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, பக்கத்து வீட்டு கோதாவரி காகுவையும் பெருமையாக இழுத்துக்கொண்டு போனேன். முதல் வரியிலேயே உன் குரல் என்று தெரிந்து கண் கலங்கிவிட்டது. தட்டைக் கையில் வாங்கிப் பார்த்தால், பாடியவர் பிஜ்லி என்று போட்டிருக்கிறான். படத்தில் கதாநாயகிக்கு அந்தப் பெயராம். தொண்டை வலிக்கப் பாடியவளுக்குப் பெயரே கிடையாதா? காகு சும்மா இருப்பாளா, "ஏண்டி ராதா, உம் பொண்ணு பாட்டுன்னு கூட்டிட்டு வந்தே, இது யாரோ பிஜ்லியாமே" என்று கடையிலேயே சிரித்து என் மானத்தை வாங்கினாள்.

வீட்டுக்கு வந்ததும் அந்த இசைத்தட்டுக் கம்பெனிக்காரனைக் கிழித்துக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். உன் பாபா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "அவங்களை ஏன் திட்டறே, பேரு போட வேண்டாம்னு அவ முதல் பாட்டுப் பாடினப்பவே நாந்தான் எழுதிக் குடுத்தேன்" என்கிறார். மூன்று வருஷமாக என்னிடம் மூச்சு விடவில்லை! நான் போட்ட கூச்சலில் தெருவே எட்டிப் பார்த்தது. அவர் அசையவில்லை. "நீதானே அழுதே, சினிமாவுல நம்ம பேரு வந்தா சின்னவளுக்கு வரன் வராதுன்னு" என்றார். அழுதேன்தான், இல்லை என்று சொல்லவில்லை, அதற்காக எழுதியே கொடுத்துவிடுவதா? உன் தங்கை நளினிக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷமாகிறது, அவள் மாமியாரே உன் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு சமைக்கிறாளாம், பாபா எழுதிய அந்தக் காகிதம் மட்டும் இன்னும் கம்பெனியில் உட்கார்ந்திருக்கிறது. உனக்கும் இது தெரியுமாமே. தெரிந்துகொண்டே "பேர் என்னத்துக்கு ஆயி, பாட்டு ஓடினா போதும்" என்று எனக்கு எழுதினாயே, யாருக்காகடி வாயை மூடிக்கொண்டிருந்தாய்? எங்களுக்காக என்று மட்டும் சொல்லிவிடாதே, எனக்கு வயிறு எரிகிறது.

அடுத்த தட்டு இந்த மாதம் அச்சுக்குப் போகிறது என்றாயே, அதற்குள் கம்பெனிக்கு நேரில் போ. பெயர் போடச் சம்மதம் என்று எழுதிய காகிதம் இதனுடன் இருக்கிறது, கூச்சப்படாமல் அவன் மேஜையில் வை. பாபா கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார். நான் தனியாகப் போட்டிருக்கிறேன், அவர் பேச்சை மீறி நான் கையெழுத்துப் போடுவது இதுதான் முதல் தடவை. பெற்றவள் கையெழுத்து செல்லாது என்று எவனாவது சொன்னால் தந்தி அடி, அடுத்த ரயிலில் நானே வருகிறேன்.

நூறு வயது வரை பாடிக்கொண்டிரு. பாடப் போகிற நாளில் தயிரைத் தொடாதே.

உன் ஆயி,
ராதாபாய் கோக்டே