நாற்பத்திரண்டு சென்டிமீட்டர்

நவம்பர் 18

அன்புள்ள மீட்டர்காரருக்கு,

நலம். நீங்களும் வாலுவும் நலமாக இருப்பீர்கள். நம் மகள் ஒழுங்காகப் படிக்கிறாள் என்று நீங்கள் எழுதியிருந்ததை மட்டும் நான் நம்பவில்லை.

மூன்றாவது நோட்டை இத்துடன் அனுப்புகிறேன். இந்த ஆய்வு நிலையத்தில் கம்ப்யூட்டர் இருக்கிறது, அதை ஓட்டக் கரண்ட் இல்லை. போன் இருக்கிறது, சிக்னல் இல்லை. வாரம் இரண்டு தடவை தபால் ஜீப் வருகிறது. கல்யாணமாகி இருபது வருஷம் கழித்து உங்களுக்குக் கடிதம் எழுதும் பாக்கியம் அதனால்தான் கிடைத்தது.

பத்தொன்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவள், நாற்பத்து மூன்று வயதில் படிப்பு விடுப்பு எடுத்துக்கொண்டு, தினமும் காலை ஏழுக்கும் மாலை ஐந்துக்கும் ஒரு கம்பத்தைப் பார்க்க நடக்கிறேன். ஓடைக்கு நடுவில் நிற்கும் அந்தக் கம்பத்தில் தண்ணீர் எந்தக் கோட்டில் இருக்கிறதோ அதை நோட்டில் எழுதுகிறேன். கால் வழுக்கி இரண்டு தடவை விழுந்தாயிற்று. எலும்பு எதுவும் போகவில்லை, மானம்தான் கொஞ்சம் போனது.

போன மாத மழையில் பாதை அறுந்து பதினோரு நாள் ஓடைப் பக்கமே போக முடியவில்லை. அறைக்குள் உட்கார்ந்து அதன் இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மழைக்கு ஓடை எவ்வளவு ஏறுகிறது என்று அளக்க வந்தவள் நான். அது உண்மையாகவே ஏறிய நாளில் எனக்கு வழி இல்லை. இதற்குச் சிரிப்பதா, அழுவதா?

என் கோணல் எழுத்தைப் படித்து அடித்துத் தர உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்? கண்ணாடி போட்டுக்கொண்டு அடியுங்கள்.

உங்கள் மாணவி

மார்ச் 3

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

நாலு நோட்டும் அடித்து, வரைபடங்களும் போட்டு முடித்தாயிற்று. அச்செடுத்து அனுப்புகிறேன். ஆபீஸ் விட்டு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிடுகிறேன் என்று வாலுவுக்குக் கேலி. “அப்பா, படிக்கிறது அம்மாவா நீங்களா? பட்டமளிப்பு விழாவுக்கு யாருக்கு அங்கி தைக்கிறது?” என்கிறாள்.

எனக்கென்னவோ சந்தோஷமாகத்தான் இருந்தது. நீ அங்கே ஓடையில் அளக்கிறாய், நான் இங்கே குழாயில் அளக்கிறேன். ஒரே குடும்பத் தொழில். ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. எங்கள் பிரிவிலிருந்து மேலே போகும் பதிவேடு போலக் கச்சிதமாக வந்திருக்கிறது. தைரியமாகக் கொடு.

சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. குடிநீர் வாரியத்தில் வேலை பார்ப்பவன் வீட்டுக் குழாய் ஒழுகாமல் இருந்தால்தான் அதிசயம்.

மீட்டர்காரன்

ஏப்ரல் 21

உங்களுக்கு,

பல்கலைக்கழக விடுதிக்கு வந்து ஆறு வாரம் ஆகிறது. இங்கே சிக்னல் நன்றாகவே இருக்கிறது. ஆனால் போனில் பேசினால் கத்திவிடுவேன். பக்கத்து அறைகளில் இருப்பது எல்லாம் வாலுவைவிட நாலு வயது பெரிய பெண்கள். அவர்கள் காதில் விழ வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

இன்று ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வந்திருந்த பேராசிரியர் மிக மரியாதையாகத்தான் ஆரம்பித்தார்.

“நாப்பத்தொண்ணாம் பக்கத்துல, பாதை அறுந்து பதினோரு நாள் அளவு எடுக்க முடியலைன்னு எழுதியிருக்கீங்கம்மா.”

“ஆமா சார்.”

“அறுபத்திரண்டாம் பக்கத்துல அந்தப் பதினோரு நாளுக்கும் அளவு இருக்கே?”

புரட்டினேன். இருந்தது. காலைக்கும் மாலைக்கும், ஒரு நாள் விடாமல்.

“கீழே பாலமே முங்கின அன்னைக்கு உங்க ஓடை நாப்பத்திரண்டு சென்டிமீட்டர்ல ஓடியிருக்கு. ரொம்ப அடக்கமான ஓடைதான்.”

ஒருவர் சிரித்தார். என் வழிகாட்டி, என்னைவிட வயதில் சிறியவள், நிமிரவே இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்த நாட்கள், கம்பத்தில் குப்பை சிக்கி எண் தெரியாத நாட்கள், எல்லாவற்றுக்கும் எண் இருக்கிறது. நோட்டில் நான் காலியாக விட்டிருந்த ஒவ்வொரு கட்டத்திலும்.

ஏன் இப்படிச் செய்தீர்கள்? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

விசாரணைக் குழு இரண்டு வாரத்தில் கூடுகிறது.

ஏப்ரல் 26

அன்புள்ள உனக்கு,

உன் கடிதம் கண்டதிலிருந்து எனக்குக் கை கால் ஓடவில்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆபீஸில் அளவெடுக்கப் போகும்போது வீடு பூட்டியிருந்தால், முந்தைய மூன்று அளவுகளின் சராசரியைப் போட வேண்டும். காலியாக விட்டால் பதிவேடு மேலே போகாது, திரும்பி வந்துவிடும். இருபத்திரண்டு வருஷமாக என் கை அதைத்தான் செய்கிறது. வீடு பூட்டியிருக்கிறது என்பதற்காக உள்ளே குழாய் ஓடாமலா இருந்திருக்கும்? நீ போய்ப் பார்க்கவில்லை என்பதற்காக ஓடை ஓடாமலா இருந்திருக்கும்? அப்படித்தான் நினைத்தேன். உன் கட்டங்கள் அங்கங்கே பல் விழுந்த வாய் மாதிரி தெரிந்தன. உனக்குக் குறை வந்துவிடக் கூடாதே என்றுதான் நிரப்பினேன். உன்னிடம் கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. மாதாமாதம் நூறு வீட்டுக்குப் போடுகிறோம், அதில் ஒருவரைக்கூடக் கேட்டதில்லை.

நீ ஒன்றும் பயப்படாதே. அந்தக் குழுவுக்கு இன்றே ரிஜிஸ்தர் தபாலில் எழுதிப் போட்டுவிட்டேன். அட்டவணை முழுவதும் நான் அடித்தது, எண்கள் நான் போட்டவை, என் மனைவிக்கு எதுவும் தெரியாது, தண்டனை என்றால் எனக்குக் கொடுங்கள் என்று. படித்தவர்கள், புரிந்துகொள்வார்கள்.

உன்
மீட்டர்காரன்

மே 17

உங்களுக்கு,

உங்கள் கடிதத்தைக் குழுவில் சத்தமாகப் படித்தார்கள்.

ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் ஓர் உறுதிமொழி இருக்கிறது. அளவுகளை எடுத்ததும் பதிவு செய்ததும் நானே என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எல்லோரும் போடுவது. குழு கூடிய முதல் நாள் கேட்டபோதும், நானே அடித்தேன், கணக்குப் போட வைத்திருந்த எண்கள் தவறுதலாக அட்டவணையில் சேர்ந்துவிட்டன என்றுதான் சொன்னேன். கவனக்குறைவு என்று முடிவு செய்திருந்தால், ஒரு வருஷம் மறுபடி அளந்து கொடுத்துவிட்டுப் பட்டம் வாங்கியிருக்கலாம். என் வழிகாட்டி அதற்குப் பேசி வைத்திருந்தாள்.

உங்கள் கடிதம் படித்து முடிந்ததும் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். “அப்போ உறுதிமொழியும் பொய், எங்ககிட்ட சொன்னதும் பொய், அளவும் பொய். இதுல எதைம்மா நாங்க மன்னிக்கிறது?”

பதிவை நீக்கிவிட்டார்கள். இனி எந்தப் பல்கலைக்கழகமும் என்னை இந்தப் படிப்பில் சேர்த்துக்கொள்ளாது. பள்ளி நிர்வாகத்துக்கும் தகவல் போயிற்று. பொய் அளவு போட்டவளை அறிவியல் வகுப்புக்குள் எப்படி விடுவது என்று கேட்கிறார்களாம். திரும்பி வர வேண்டாம் என்பதை இதைவிட மரியாதையாக எழுத முடியாது.

என் படிப்பை முடித்துவைத்தது அந்தக் கடிதம். இனி எனக்காக எதுவும் செய்யாதீர்கள். அழைக்காதீர்கள், எடுக்க மாட்டேன்.

ஜூலை 2

அன்புள்ள உனக்கு,

இது மூன்றாவது கடிதம். முந்தைய இரண்டும் கிடைத்திருக்கும், திரும்பி வரவில்லை.

“அம்மா ஏன் இன்னும் வரல?” என்று வாலு கேட்டுக்கொண்டே இருந்தாள். எத்தனை நாள் சமாளிப்பது? அம்மாவின் படிப்பைக் கெடுத்தது நான்தான் என்று சொல்லிவிட்டேன், என்ன செய்தேன் என்பதையும். “உங்க வேலையே இட்டு நிரப்புறதுதானப்பா” என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனவள்தான். இப்போதெல்லாம் அங்கேயேதான் சாப்பிடுகிறாள். ஏதாவது வேண்டுமென்றால் சீட்டு எழுதி மேசையில் வைக்கிறாள். ‘கையெழுத்துப் போடவும்.’ ‘காலணி அறுந்துவிட்டது.’ அப்பா என்று எழுதுவதில்லை.

ஆபீஸிலும் எனக்கு ஓடவில்லை. பூட்டிய வீடு வந்தால் சராசரி போடக் கை வரமாட்டேன் என்கிறது, அப்படியே விட்டுவிடுகிறேன். “என்னய்யா, ஊர்ல பாதிப் பேர் வீட்டைப் பூட்டிட்டு ஓடிட்டாங்களா?” என்று மேலதிகாரி கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மறுநாளே என்னைப் புகார் வாங்கும் ஜன்னலுக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு வகையில் பொருத்தமான இடம். நாள் முழுக்க யாராவது திட்டிக்கொண்டே இருக்கிறார்கள், நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

நீயும் வந்து திட்டு. வீட்டில் வந்து திட்டு. உன் இஷ்டம் போல எத்தனை வருஷம் வேண்டுமானாலும்.

செப்டம்பர் 10

அன்புள்ள உங்களுக்கு,

விடுதியைக் காலி செய்துவிட்டு, பல்கலைக்கழகத்துக்குப் பின்தெருவில் ஓர் அறை எடுத்திருக்கிறேன். கீழே நகல் எடுக்கும் கடை. அங்கேயே மாணவர்களுக்கு ஆய்வேடு அடித்துக் கொடுக்கிறேன். “அக்கா, இந்த அட்டவணையக் கொஞ்சம் பாத்து சரி பண்ணிடுங்க” என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். நான் எதையும் சரி பண்ணுவதில்லை.

நீங்கள் எழுதிய அத்தனை கடிதங்களும் கிடைத்தன. பதில் எழுதாததற்குக் காரணம் கோபம் என்று நினைத்திருப்பீர்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச்சில், கொடுப்பதற்கு முந்தைய நாள் மத்தியானம், அட்டை போடும் கடையில் உட்கார்ந்திருந்தேன். பசை வாசனை. கடைக்காரர் தைப்பதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்று தாள்களைக் கொடுத்தார். புரட்டிக்கொண்டே வந்தேன். அறுபத்திரண்டாம் பக்கத்தில் என் விரல் நின்றது.

ஆமாம், பார்த்தேன். அந்தத் தேதிகளை நான் எப்படி மறப்பேன்? எப்படி வந்திருக்கும் என்பதும் அப்போதே தெரிந்தது. பூட்டிய வீட்டுக் கதையை இருபது வருஷமாகக் கேட்டவள் நான். காலியாக விடுங்கள் என்று உங்களுக்கு ஒரு வரி எழுதாதவளும் நான்தான்.

திருத்தினால் அட்டவணைகளும் வரைபடங்களும் எல்லாம் மாறும், மறுநாள் கடைசித் தேதி. அதை ஒரு காரணமாகச் சொல்லலாம். ஆனால் அந்தப் பக்கம் எனக்குப் பிடித்திருந்தது. மழை, காய்ச்சல் எதுவும் தொடாமல், வருஷம் முழுக்க ஒரு வேளைகூட விடாமல் அளந்தவள் ஒருத்தி அதில் இருந்தாள். பக்கத்து அறைப் பெண்களைவிடக் கெட்டிக்காரி. அவளை அழிக்க மனம் வரவில்லை.

“என்னம்மா, போட்டுடலாமா?” என்றார் கடைக்காரர்.

“போடுங்க” என்றேன்.

நாற்பத்தொன்றாம் பக்கத்தில் நானே உண்மையை எழுதி வைத்திருந்தேன் என்பது அப்போது நினைவில் இல்லை. பொய் சொல்லிப் பழகாதவள் இப்படித்தான் மாட்டுவாள் போல.

ஏப்ரலில் உங்கள் மேல் வந்த கோபம் நடிப்பு இல்லை. அதுதான் எனக்கு இன்றும் விளங்காதது. அந்தத் தேர்வு அறையில் நிஜமாகவே உங்கள் மேல்தான் கோபம் வந்தது. நீங்கள் மன்னிப்புக் கேட்கக் கேட்க, அந்த மத்தியானம் நடக்காத மாதிரி ஆகிக்கொண்டே வந்தது. வாலு உங்களோடு பேசுவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த பிறகும் இரண்டு மாதம் சும்மா இருந்தேன். இந்த இரண்டு மாதத்துக்கு என்னிடம் எந்தக் காரணமும் இல்லை.

அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். நான் நாலு தடவை எழுத உட்கார்ந்தேன். ‘வாலுக்குட்டி’ என்பதற்கு மேல் போகவில்லை.

சொன்ன பிறகு, நான் வரலாமா என்று எழுதுங்கள்.

உங்கள் மனைவி

செப்டம்பர் 19

அன்புள்ள உனக்கு,

கடிதம் கிடைத்தது. ஆபீஸில் இரண்டு புகாருக்கு நடுவில் படித்தேன். அடுத்து வந்த பெரியவர் ரொம்ப நேரம் திட்டியிருக்கிறார். அவர் வீட்டில் தண்ணீர் வரவில்லையா, கலங்கலாக வந்ததா என்பதுகூட என் காதில் விழவில்லை.

கோபமாக எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். வரவில்லை. ஐந்து மாதமாக எல்லாக் கோபத்தையும் என் மேலேயே காட்டித் தீர்த்துவிட்டேன் போலிருக்கிறது.

சாயங்காலம் வாலு உறையில் உன் கையெழுத்தைப் பார்த்துவிட்டாள். “அம்மா என்ன எழுதியிருக்காங்க?” இரண்டரை மாதத்தில் அவள் என்னிடம் வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி. சட்டைப் பையில் கடிதம் இருந்தது. எடுத்துக் கொடுத்திருந்தால் அவள் அன்றே என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பாள்.

“நல்லா இருக்காங்களாம்” என்றேன்.

அவளிடம் நான் சொல்ல மாட்டேன். கடைசி வருஷப் பரீட்சை வருகிறது. நம் இருவரில் ஒருவரை அவள் வெறுத்தால் போதும். அது பழகியும் விட்டது. உன்னைப் பற்றி அவளுக்கு இருக்கும் நினைப்பு அப்படியே இருக்கட்டும். உன் போட்டோவைத் தன் மேசையில் வைத்துக்கொண்டுதான் படிக்கிறாள்.

வரலாமா என்று கேட்டிருக்கிறாய். நீ வந்தால் வாலு உன்னைக் கட்டிக்கொண்டு அழுவாள். அழுதுகொண்டே உன் தோள் வழியாக என்னை ஒரு பார்வை பார்ப்பாள். நீ அவள் தலையைத் தடவிக்கொண்டிருப்பாய். அப்போது நான் எந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவது என்று எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன். அதை மட்டும் என்னால் தாங்க முடியாது.

உன் புடவைகள், கம்பளிச் சட்டை, ரத்த அழுத்த மாத்திரைச் சீட்டு, அலமாரியின் மேல் தட்டில் இருந்த சான்றிதழ்கள் எல்லாவற்றையும் பெட்டியில் வைத்துப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை வரும் என்றார்கள். கையெழுத்துப் போட நீ அறையில் இருக்க வேண்டும்.

வாலுவுக்கு மட்டும் மாதம் ஒரு கடிதம் போடு. நான் பிரிக்க மாட்டேன்.