நடக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள், அம்மா

வடக்குப்பட்டு

அன்புள்ள அம்மாவுக்கு, ஜோவிதா தோத்திரம் சொல்லி எழுதுவது. உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? ஃபிரடி அண்ணன் மறுபடி கடலுக்குப் போகிறானா? நான் நன்றாக இருக்கிறேன்.

போனில் சொன்னால் பதறுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன். புயலில் மாட்டிய அண்ணன் உயிரோடு கரை சேர்ந்தால் வேளாங்கண்ணிக்கு நடந்து வருவதாக நேர்ந்தீர்களே, உங்களுக்குப் பதிலாக நான் நடப்பதற்குப் பழகிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அறைத்தோழி சந்திரலேகாவோடு மண்ணூர் பக்கம் நடந்தபோது, லாரிக்கு ஒதுங்கிப் பள்ளத்தில் காலை விட்டுவிட்டேன். கணுக்கால் வீங்கிவிட்டது. வலியைவிட, நேர்ச்சை நின்றுபோகுமோ என்றுதான் அழுதேன்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்த அக்கா படத்தைப் பார்த்துவிட்டு, "எலும்பு நல்லாத்தான் கீது, இன்னாத்துக்கு அழுவுற?" என்றார்.

"வேளாங்கண்ணிக்கு நடக்கணும்க்கா."

"வீக்கம் வத்தட்டும், அப்பால நட. எனக்கும் சேத்து வேண்டிக்கோ."

டாக்டரும் அதையேதான் சொன்னார். அங்கேயே சந்திரலேகாவைக் கட்டிக்கொண்டேன். இப்போது வீக்கமே இல்லை. ஆயுத பூஜை விடுமுறையோடு சேர்த்து லீவும் கிடைத்துவிட்டது. அவளும் என்னோடு வருகிறாள்.

ஊருக்கு வந்திருக்கும் நம் தெருப் பையன் பென்சன் இங்கே வேலைக்குத் திரும்பும்போது, அண்ணனின் பழைய முழுக்கைச் சட்டை ஒன்று கொடுத்தனுப்புங்கள், வெயிலுக்கு ஆகும். நெத்திலிக் கருவாடும் கொஞ்சம் வேண்டும். இங்கேயும் கிடைக்கிறது, ஆனாலும் நீங்கள் காயவைத்ததை அனுப்புங்கள்.

கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கிறது. நான் போய்ச் சேரும் நாளில் நீங்களும் அண்ணனும் வேளாங்கண்ணிக்குப் பஸ்ஸில் வந்துவிடுங்கள். கோவில் கண்ணில் பட்டதும், மூன்று பேரும் கைபிடித்து நடப்போம்.

உங்கள் மகள்,
ஜோவிதா