சிலைட் என்றுதான் சொன்னார்கள்

மோர்னிங்சைட், ஸ்காபரோ
மார்ச் 1996

அன்பு மகன் ராசாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது,

நானும் அப்பாவும் உடம்பளவில் சுகம். நீயும் கைகால் சுகமாக இருக்கவேண்டும் என்று முருகனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். மனதின் சுகத்தை நீயும் கேட்காதே, நானும் கேட்கவில்லை.

உன் சிநேகிதன் அலெக்ஸாண்டரைச் சனிக்கிழமை அடக்கம் செய்தோம். சேர்ச் நிறையச் சனம், உன்னைத்தான் காணவில்லை. போனையும் நீ எடுக்கிறாயில்லை, அதனால்தான் கடிதம். செய்தி வந்த அன்று இங்கே நடந்ததை உனக்கு ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நீ இருக்கிற மலைப்பக்கத்துப் பொலிஸ் போன் எடுத்தபோது வேரோனிக்கா அக்கா வீட்டில் தனியே இருந்திருக்கிறார். அவருக்கு விளங்கியது மகன் அலெக்ஸின் பெயரும் சிலைட் என்ற சொல்லும் மட்டும்தான். தாங்க்யூ சொல்லி வைத்துவிட்டு, கீழ் வீட்டிலிருந்து எங்களிடம் ஏறி வந்து, "உவன் அலெக்ஸ் இந்த வயதிலை சிலைட்டிலை ஏறிச் சறுக்கி விளையாடினவனாம், பொலிஸ் பிடிச்சிட்டுது போலை, நல்லா ஃபைன் அடிக்கட்டும்" என்று சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன் ராசா. எங்கள் பில்டிங்குக்குப் பின்னால் பிள்ளைகள் சறுக்குகிற மஞ்சள் சிலைட்தான் எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்த சிலைட். அப்பா வேலையால் வந்து பொலிசுக்கு எடுத்து விசாரித்த பிறகுதான், மலையிலிருந்து பனி பாளமாகச் சரிந்து வந்து ஆளை மூடுவதற்கும் இவர்களிடம் அதே சொல்தான் என்று தெரிந்தது.

உன்னோடு வேலை செய்கிற பையன் அப்பாவுக்கு மிச்சத்தைச் சொன்னான். பனியில் ஓடுகிற அந்த ஸ்னோமொபில் மெசினை முதலில் வாங்கியவன் நீ, லீவுக்கு வா என்று அலெக்ஸைக் கூப்பிட்டவனும் நீ. அதனால்தான் முகம் கொடுக்காமல் ஒளிந்திருக்கிறாய் என்று பெற்றவளுக்குத் தெரியாதா? பனி அள்ளுகிற சவல் முறிந்த பிறகும் வெறுங்கையால் பனியைக் கிண்டினாயாம், விரல் எல்லாம் கொப்பளமாம். மருந்து போடுகிறாயா? அக்காவிடமும் அதைச் சொன்னேன். அவர் உன்னை ஒரு சொல் குறை சொல்லவில்லை. "தம்பி ஏன் எனக்கொரு போன் கோல் எடுக்கேல்லை" என்றுதான் கேட்கிறார்.

அப்பா மெசினை விற்கச் சொல்கிறார். நான் கேட்பது, இந்தக் குளிர்காலம் முடியும்வரை அதில் ஏறாதே. இங்கே வெயில் எறித்தால் கோட்டைக் கழற்றிச் சந்தோஷப்படுகிறோம், அங்கே வெயில் எறித்தால்தான் மேலே கிடக்கிற பனி இளகி இறங்குமாம். நல்ல வெயில் என்று நம்பித்தானே அன்றும் போனீர்கள். ரேடியோவில் ஆபத்து என்று சொன்னால் காது கொடுத்துக் கேள்.

அக்காவுக்கு அறிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அன்று காலை அவன் என்ன சாப்பிட்டுவிட்டு வெளிக்கிட்டான்? வருகிற எல்லோரிடமும், "பிள்ளை வெறுவயித்தோடை போகேல்லைத்தானே" என்று கேட்கிறார். பதில் தெரிந்தவன் நீ ஒருவன்தான். பின்னேரத்தில் வீட்டில்தான் இருப்பார், கூச்சப்படாமல் போன் எடு.

முருகன் உன் பக்கத்திலேயே நிற்கட்டும். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே ராசா, அவன் சாப்பிடாமல் போயிருந்தாலும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனான் என்று சொல்லு.

உன் அம்மா
குணவதி