அவிஞ்ஞோன் பாலமும் ஆஸிபாவின் டப்பாவும்

ஃப்ரீமான்ட்,
அக்டோபர் 19, ஞாயிறு.

அன்பு மகன் ஃபைஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நான் சுகம். உன் அம்மாவும் இடது முழங்காலைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் சுகம். ஹூஸ்டனில் நீயும் மருமகள் ருக்ஸானாவும் எங்களைவிட நன்றாக இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்டுக்கொள்கிறோம். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ என்னை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஃப்ரீவேயில் வண்டி ஓட்டுகிறாய், நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ மூன்று எக்ஸிட் தாண்டிவிடுகிறாய். கடந்த மூன்று வாரமாக அந்தப் போனும் இல்லை. ருக்ஸானாவிடம் கேட்டால், "கோவமெல்லாம் இல்ல மாமா, அவங்களுக்கு ஆபீஸ்ல ப்ரெஷர்" என்கிறாள். முப்பத்து நான்கு வருடம் பத்திரிகையில் வேலை பார்த்தவனுக்கு மறுப்பறிக்கை எப்படி இருக்கும் என்று தெரியும்.

நாங்கள் பிரான்சிலிருந்து திரும்பிய மறுநாள், நான் அனுப்பிய இருநூற்றுப் பன்னிரண்டு படங்களையும் பார்த்துவிட்டு நீ முதலில் கேட்டது இதுதான்: "அத்தா, எல்லா போட்டோலயும் கிச்சன்தான் இருக்கு. நான் என்ன கிச்சன் டூரா புக் பண்ணினேன்?" எண்ணிப் பார்த்தேன். நூற்று முப்பத்தொரு படங்களில் அடுப்போ சிங்க்கோ தெரிகிறது, ஆகவே உன் குற்றச்சாட்டில் பெரும்பகுதி உண்மை. ஆனால் உன் மனத்தாங்கல் சமையலறையைப் பற்றியது இல்லை, பாலத்தில் அம்மா நிற்கிற படம் ஒன்றுகூட இல்லை என்பதுதான் என்று எனக்குப் புரிகிறது. உனக்கு நான்கு வயது இருக்கும்போது மண்ணடி வீட்டுச் சுவரில் ஒரு ஷிப்பிங் கம்பெனி காலண்டர் தொங்கியது. ஏப்ரல் மாதப் படத்தில் ஒரு கல்பாலம் ஆற்றின் நடுவே பாதியோடு நிற்கும். மீதி எங்கே என்று அம்மா கேட்டாள், நீயும் கேட்டாய், விசாரித்துச் சொல்கிறேன் என்று நான் சொன்னேன். விசாரிக்கவில்லை. பதில் வராமல் தாளைத் திருப்ப மாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டதால் அந்த வருடம் டிசம்பர் முடியும்வரை நம் வீட்டில் ஏப்ரல்தான். அதை முப்பத்தொரு வருடம் மறக்காமல் வைத்திருந்து, எங்கள் நாற்பதாவது கல்யாண நாளுக்கு அந்தப் பாலம் இருக்கிற அவிஞ்ஞோனுக்கே டிக்கெட் எடுத்தாய். நீயும் கூட வருவதாக இருந்தது. இரண்டு வாரம் இருக்கும்போது ஆபீஸில் ரிலீஸ் என்றாய், உனக்குப் பதிலாக நாற்பத்து மூன்று வரியில் ஒரு எக்ஸெல் வந்தது. முதல் வரி: திங்கள், காலை 10.15, பாலம். அந்த ஆறு நாளில் நடந்ததை வரிசை மாறாமல் எழுதுகிறேன், படித்துவிட்டு எவ்வளவு கோபம் நியாயம் என்று நீயே முடிவு செய்.

தவறு இங்கே மௌரி அவென்யூவில் தொடங்கியது. மளிகைக் கடையில் வெண்டைக்காய் பொறுக்கும்போது அம்மா, பக்கத்தில் பொறுக்கிக்கொண்டிருந்த நாகமணி ஆன்ட்டியிடம் பிரான்ஸ் போகிறோம் என்றாள், அதோடு நிறுத்தாமல் ஊர்ப் பெயரையும் சொன்னாள். மறுநாள் மாலை ஆன்ட்டி ஒரு ஜாடி எலுமிச்சை ஊறுகாயோடு வந்தார். அவருடைய தங்கை மகள் அஞ்சனா அவிஞ்ஞோனுக்குப் பக்கத்தில் ஆர்ல் என்ற ஊரில் மியூசியத்தில் வேலை பார்க்கிறாளாம். கூடவே அவர் வீட்டுக்காரர் சபரிநாதன் அங்கிளும் வந்தார். அவருடைய பழைய சகா கிரீஷ், எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் பக்கம் ஆராய்ச்சி நிலையத்தில் இன்ஜினியர், அவருக்கு ஒரு குக்கர் கேஸ்கட். இரண்டு வீடு தள்ளியிருக்கிற ஆஸிபா, நீம் நகரத்தில் இருக்கும் தன் தம்பி முஆதுக்கு எவர்சில்வர் டப்பா நிறைய நெத்திலிக் கருவாடு கொண்டுவந்தாள். மூன்று பேரும் வெயிட்டே இல்லை என்றார்கள். குளியலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன், நாலு கிலோ இருநூறு கிராம். உன் அம்மாவால் மறுக்க முடியாது என்பது உனக்குத் தெரியும். என்னாலும் முடியாது என்பதை இப்போது தெரிந்துகொள்.

நீ எடுத்துக் கொடுத்த வீடு அருமையான வீடு, மதிலுக்கு உள்ளே, மூன்றாவது மாடி. அவிஞ்ஞோனைச் சுற்றி நாலு கிலோமீட்டருக்கு மேல் கோட்டை மதில் இன்னும் அப்படியே நிற்கிறது. போப்பாண்டவர்கள் ரோமை விட்டு வந்து குடியிருந்த அரண்மனையும் நிற்கிறது. திங்கள் காலை பத்து மணிக்கு நாங்கள் பாலத்துக்குச் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறோம், கீழ்வீட்டு அம்மாள் படியேறி வந்து மூக்கைச் சுருக்கி எங்கள் கதவைப் பார்த்துவிட்டு, எரிவாயுக் கசிவு என்று யாருக்கோ போன் செய்யத் தொடங்கினார். டப்பாவின் மூடி அவ்வளவு இறுக்கமில்லை. அம்மா உடனே முடிவெடுத்தாள். "முதல்ல இத குடுத்துட்டு வந்துருவோம். எண்ணூறு வருஷமா நிக்கிற பாலம் சாயங்காலம் வரைக்கும் நிக்காதா" என்றாள். அரை மணி நேர ரயிலில் நீம். முஆத் ஆபீஸிலிருந்து வரும்வரை ரோமானியர் கட்டிய வட்ட அரங்கத்துக்கு எதிரே காத்திருக்கச் சொன்னான். உனக்கு அனுப்ப ஒரு படம் எடுக்கலாம் என்றேன், பை படத்தைக் கெடுக்கிறது என்றாள் அம்மா, பையை ஒரு தூணருகே வைத்துவிட்டு இருபது அடி தள்ளிப் போனோம். ஒன்பதாம் படத்தில் முழு அரங்கமும் ஒரு ஆள்கூட இல்லாமல் தெரிகிறதே, அது எப்படி என்று நீ கேட்கவே இல்லை. கேட்பாரற்ற பை என்று யாரோ சொல்ல, போலீஸ் வந்து எங்களையும் சேர்த்து எல்லோரையும் நாடாவுக்குப் பின்னால் தள்ளிவிட்டது. மோப்ப நாய் ஒன்று பையை முகர்ந்து பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தது. வெடிகுண்டு இருந்தால்தான் அது உட்காருமாம். எங்கள் பை, உள்ளே மீன் என்று நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, அவர்கள் இன்னும் பத்தடி பின்னால் தள்ளினார்கள். முஆத் ஓடி வந்து பிரெஞ்சில் விளக்கிய பிறகு திறந்து பார்த்தார்கள். நாயைப் பிடித்திருந்தவர், இதற்கு நெத்திலியில் பயிற்சி கொடுத்ததில்லை, இன்று உட்கார்ந்தது அதன் சொந்த முடிவு என்றாராம். எச்சரித்து விட்டுவிட்டார்கள். நாய்தான் எழுந்திருக்கச் சம்மதிக்கவில்லை.

முஆத் வீட்டில் சாப்பிட்டோம். ஆஸிபாவின் தம்பி நன்றாக வளர்ந்த பிள்ளை, வந்த டப்பாவை வெறுமனே திருப்பித் தருவானா? கழுவித் துடைத்து ஒலிவ் காய் போட்டுக் கொடுத்தான். மறுநாள் ஆர்ல் போகிறோம் என்று கேட்டதும் கருவாட்டில் ஒரு பங்கைத் தன் டப்பாவில் போட்டு அஞ்சனாவுக்குக் கொடுக்கச் சொன்னான். அஞ்சனாவை அவனுக்குத் தெரியாது. "அவங்கள தெரியாட்டி என்ன அங்கிள், அவங்களுக்கு கருவாடு தெரியும்ல" என்றான். செவ்வாய் ஆர்ல். அங்கேயும் ஒரு ரோமானிய அரங்கம், அஞ்சனாவின் சமையலறை ஜன்னலில் இருந்து நன்றாகத் தெரிகிறது. இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று எழுந்தேன், தோசை ஆறிவிடும் என்று உட்கார வைத்துவிட்டாள். நாற்பதாம் படத்தில் பாதி தோசைக்கல், பாதி அரங்கம். அவள் குக்கருக்கு நாலு மாதமாகக் கேஸ்கட் இல்லை, சோற்றை வடித்துத்தான் சாப்பிடுகிறாள். நாகமணி ஆன்ட்டியின் ஜாடியில் அந்தப் பக்கத்துச் சிவப்பரிசியும், முஆதின் டப்பாவில் அந்தப் பக்கத்து உப்பும் போட்டுக் கொடுத்தாள். உப்பு முஆதுக்குப் போய்ச் சேர வேண்டும். ஆகவே மறுபடியும் நீம் போக வேண்டும் என்பதை நீ குறித்துக்கொள்.

புதன் கிரீஷ் வீடு. கேஸ்கட் அவர் குக்கருக்குச் சேரவில்லை. அவருடையது ஏழரை லிட்டர், சபரிநாதன் அங்கிள் கொடுத்தனுப்பியது ஐந்து லிட்டருக்கு. கிரீஷின் மனைவி கயல் அதைச் சுற்றிச் சுற்றி இழுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உன் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அஞ்சனாவினுடையது ஐந்து லிட்டர். உன் எக்ஸெலில் வியாழன் அன்று போப்பாண்டவர் அரண்மனை, நாங்கள் மறுபடி ஆர்ல். நூற்றுப் பன்னிரண்டாம் படம் ஏன் வெறும் வெள்ளையாக இருக்கிறது என்று கேட்டாயே, அது நாலு மாதத்துக்குப் பிறகு அந்தக் குக்கர் அடித்த முதல் விசில். வெள்ளிக்கிழமை உப்பைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நீமிலேயே ஜும்ஆ தொழுதேன். எல்லாம் கொடுத்து முடித்தாயிற்று என்று அன்று மாலை வந்து உட்கார்ந்து மேசையைப் பார்த்தேன். ஃப்ரீமான்ட்டில் இருந்து கொண்டுபோனது மூன்று. ஒலிவ், சிவப்பரிசி, கயல் கொடுத்த பாதாம் இனிப்பு என்று போன வீடெல்லாம் பதிலுக்குக் கொடுத்ததில் மேசையில் இருந்தது எட்டு. கொடுக்கக் கொடுக்கக் கையிருப்பு கூடியது என்று ஒரு இளம் நிருபர் எழுதிக்கொண்டு வந்திருந்தால் எண்ணைச் சரிபார்த்து வா என்று நானே திருப்பி அனுப்பியிருப்பேன். அரண்மனைச் சுவரை அந்த ஐந்து நாளில் பத்து முறை டப்பாவும் கையுமாகக் கடந்திருக்கிறோம். பாலத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அம்மா ஜன்னல் பக்கம் நின்று நாளைக்கு மூன்று மணிக்கு ரயில் என்றாள்.

சனிக்கிழமை காலை வீட்டைக் காலி செய்து, இரண்டு பெட்டியையும் டப்பாப் பையையும் கல் பாவிய தெருவில் உருட்டிக்கொண்டு நேரே பாலத்தடிக்குப் போனோம். வழியனுப்ப முஆதும் அஞ்சனாவும் கிரீஷும் கயலும் அங்கேயே வந்துவிட்டார்கள். ஒருவருக்கொருவர் ஒரு மணி நேர தூரத்தில் வருடக்கணக்காக இருந்துகொண்டு அன்றுதான் முதல் முறையாக முகம் பார்த்தார்கள், ஆனால் அதற்குள் வாட்ஸப்பில் நெத்திலி என்று ஒரு குரூப் வைத்திருந்தார்கள். பாலத்தின்மேல் அவர்களும் யாரும் போனதில்லை. கிரீஷ் அங்கே ஆறு வருடமாக இருக்கிறார். "பக்கத்துலதானே இருக்கு, எப்ப வேணா பாத்துக்கலாம்னு விட்டுட்டோம் ஆன்ட்டி" என்றாள் கயல். பெட்டிகளோடு மேலே ஏற முடியாது, திங்கட்கிழமை அனுபவத்துக்குப் பிறகு அவற்றை விட்டுவிட்டுப் போகவும் முடியாது. நான் கரையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் எல்லோரும் போய்விட்டு வாருங்கள் என்றேன். அம்மா இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள். அவள் போன் பெட்டிக்குள், படம் எடுக்கிற போன் என்னிடம், தங்கள் போனில் எடுக்கலாம் என்று அந்தக் காற்றில் மற்ற நாலு பேருக்கும் தோன்றவில்லையாம். பாலத்தில் அவள் நிற்கிற படம் ஏன் இல்லை என்பதற்கு முழு விளக்கம் இவ்வளவுதான்.

ஆனால் படமே இல்லை என்று நீ சொன்னது சரியில்லை. நூற்று எண்பத்தேழாம் படத்தை எடுத்துப் பார். கை தவறி எடுத்தது, வெறும் தண்ணீரும் வானமும் என்று நீ சொன்ன படம். இடது ஓரத்தில் பாலம் முடிகிற இடத்தைப் பெரிதாக்கு. ஒரு ராணிப் பிங்க் புள்ளி தெரியும். உன் அம்மா. அந்தக் காற்றில், அந்த முழங்காலோடு, ஒரு கையால் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு நிமிடம் நின்றாள். கடிகாரத்தைப் பார்த்தேன். பிறகு அஞ்சனாவின் போனில் இருந்து கூப்பிட்டாள். முதலில் பை பத்திரமா என்று கேட்டாள். பத்திரம் என்றேன். "இருபத்திரண்டு வளைவு இருந்துச்சாம், இப்ப நாலுதான். வெள்ளம் வந்து வந்து அடிச்சிட்டுப் போயிருக்கு. கட்டிக் கட்டிப் பாத்துட்டு போதும்னு விட்டுட்டாங்களாம். இவ்வளவுதாங்க" என்றாள். நான் விசாரித்துச் சொல்வதாக இருந்த செய்தியை அவளே விசாரித்துச் சொல்லிவிட்டாள். அப்புறம், "ஃபைஸ் வந்திருந்தா அவன் பைய பாத்துக்கிட்டு இருந்திருப்பான். நீங்களும் வந்திருக்கலாம்" என்றாள்.

உன் எக்ஸெலில் குறை ஒன்றும் இல்லை மகனே. நாற்பத்து மூன்று வரியிலும் பையை யார் பார்த்துக்கொள்வது என்பது மட்டும் இல்லை, அதற்கு நீ வருவதாக இருந்தாய். அந்தப் பயணத்தில் எங்களுக்கு ஒரு குறையும் கிடையாது, ஆறு நாளும் வயிறு நிறையச் சிரித்தோம். நீ பேசாமல் இருக்கிற இந்த மூன்று வாரம்தான் அம்மாவுக்குச் செரிக்கவில்லை. வேலை இருக்கட்டும், நேரத்துக்குச் சாப்பிடு, ருக்ஸானாவை ஹில்கிராஃப்ட் கடைகளுக்குத் தனியாக அனுப்பாமல் சனிக்கிழமையாவது கூடப் போ, ஃப்ரீவேயில் போனைத் தொடாதே, என்னோடு பேசுவதற்காகக்கூடத் தொடாதே.

இந்தக் கடிதத்தை வெள்ளிக்கிழமை ஒரு கல்யாணத்துக்காக ஹூஸ்டன் வரும் சபரிநாதன் அங்கிள் கொண்டுவருவார். கூட ஒரு எவர்சில்வர் டப்பாவும் இருக்கும், அதே டப்பா. மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் கயல் கொடுத்த பாதாம் இனிப்பை அதில் அம்மா அடுக்கியிருக்கிறாள். உங்கள் வீட்டருகே நாய் ஏதாவது வந்து உட்கார்ந்தால் பயப்பட வேண்டாம். அடியில் ஆஸிபாவின் பெயர் பொறித்திருக்கிறது, அவளிடம் கேட்டுத்தான் அனுப்புகிறோம். இனிப்பைச் சாப்பிட்ட பிறகு அதைத் தபாலில் அனுப்பாதே, யார் கையிலும் கொடுத்தும் அனுப்பாதே, வெறுமனேயும் அனுப்பாதே. டப்பா எப்போது திரும்பி வரும் என்று ஆஸிபா வாரத்துக்கு இரண்டு தடவை கேட்கிறாள். அடுத்த மாதம் ஃபைஸே நேரில் கொண்டுவந்து கொடுப்பான் என்று சொல்லியிருக்கிறேன். நான் கொடுத்த செய்தி எதற்கும் இதுவரை திருத்தம் போட்டதில்லை.

உங்கள் இருவருக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளையும் குறையாத பரக்கத்தையும் தருவானாக.

துஆவுடன்,
உன் அத்தா
ஹாஜா நஜ்முதீன்

அம்மா சொல்லச் சொல்ல எழுதியது: கோபமாக இருந்தால் கோபத்தோடேயே வா. இங்கே வந்து பேசிக்கொள்ளலாம்.